ரைஃபிள் ஸ்டாக்குக்குச் சொரசொர பெயின்ட்: எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது

என் மான் வேட்டை ரைஃபிளின் ஸ்டாக், அதாவது தோளில் வைத்துக் கையால் பிடிக்கும் கட்டைப் பகுதி, பிளாஸ்டிக். வாங்கிய புதிதில் அதன்மேல் ரப்பர் போல மெத்தென்று ஒரு பூச்சு இருந்தது, கைக்கு இதமாக இருக்கும். ஹூஸ்டன் புழுக்கத்தில் வருடக்கணக்கில் கிடந்ததில் அந்தப் பூச்சு இளகி, பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கையுறையின் பஞ்சு, நாய் முடி, காய்ந்த புல் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது, கட்டைவிரலை வைத்து எடுத்தால் ரேகை அப்படியே பதிகிறது. இந்தக் கோளாறு துப்பாக்கிக்கு மட்டும் வருவதில்லை. இப்படி மெத்தென்று இருக்கும் பூச்சுகள் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை, காற்றிலுள்ள ஈரம் நாளடைவில் அதைச் சிதைத்துவிடும். பழைய கேமரா, டார்ச் கைப்பிடிகள் பிசுபிசுப்பதும் இதனால்தான்.

புது ஸ்டாக் வாங்கலாம், ஆனால் நல்லது வேண்டுமென்றால் சில நூறு டாலர் ஆகும். ஒரு ஸ்ப்ரே கேன் பெயின்டில் முடிகிற வேலை என்பதால் நான் சொரசொர பெயின்ட் பக்கம் போனேன். இதைப் பற்றி யார் எழுதினாலும் நிறம், கேமோ டிசைன் என்றே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இது கைக்கான வேலை. மழையிலும் வியர்வையிலும் வழுக்காமல் பிடிக்கத்தான் சொரசொரப்பு. அதனால் கேனை அசைப்பதற்கு முன்பே, எந்த இடம் கைக்கு, எந்த இடம் கன்னத்துக்கு, எந்த இடம் குழலுக்கும், குண்டை ஏற்றிச் சுடும் பொறியான ஆக்‌ஷனுக்கும் என்று முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. மேகசினைக் கழற்றி, போல்ட்டை உருவி, குண்டு உட்காரும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். அப்புறம் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களைக் கழற்றி இரும்பையும் ஸ்டாக்கையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். ரைஃபிளோடு சேர்த்து டேப் ஒட்டி அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பழைய பூச்சை எடுக்க மருந்துக் கடையில் கிடைக்கும் 91 சதவீத ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் போதும். துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தால் கறுப்பாக உருண்டு உருண்டு வரும். பொறுமை வேண்டும், துணியும் நிறைய வேண்டும். அவசரப்பட்டு அசிட்டோனைத் தொடாதீர்கள், சில பிளாஸ்டிக்குகளை அது கரைத்தே விடும்.

அடியில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்பதுதான் அடுத்த கேள்வி. கண்ணாடி இழை கலந்த நைலான் என்றால் பெயின்ட் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். மெழுகு தடவியது போல வழவழப்பாக இருக்கும் பாலிப்ரொப்பிலீன் என்றால் நேரடியாக எதுவுமே ஒட்டாது. பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு மேலே தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் நல்லது, முத்து முத்தாக உருண்டால் எண்ணெயோ, வார்ப்பில் போட்ட மெழுகோ இன்னும் போகவில்லை, அல்லது பிளாஸ்டிக்கின் குணமே அது. பாலிப்ரொப்பிலீனுக்குக் கார் பம்பர் பெயின்ட் அடிப்பவர்கள் முதலில் அடிக்கும் அட்ஹீஷன் ப்ரமோட்டர் (பெயின்டை ஒட்டவைக்கும் அடிப்பூச்சு) கட்டாயம் வேண்டும். நைலானுக்கு உப்புத்தாள் போட்டுப் பளபளப்பை எடுத்தால் போதும். கண்ணாடி இழைத் தூள் மூச்சில் போகக்கூடாது என்பதால் தண்ணீர் விட்டே தேயுங்கள்.

மாஸ்கிங் டேப் ஒட்டுவதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஆக்‌ஷன் உட்காரும் பள்ளம், உதையைத் தாங்கும் ரீகாயில் லக் என்ற இரும்புக் கட்டி இறங்கும் குழி, குழல் ஓடும் வாய்க்கால், இந்த மூன்றிலும் ஒரு சொட்டு பெயின்ட் விழக்கூடாது. இரும்பு எப்போதும் ஒரே மாதிரி உட்கார வேண்டும் என்பதற்குத்தானே மரத்தை விட்டு இப்படிப்பட்ட ஸ்டாக்குக்கு வந்தார்கள். வியட்நாமின் ஈரத்தில் அமெரிக்க மரைன்களின் எம்40 ரைஃபிளின் வால்நட் கட்டை ஊதி வளைந்து குறி தப்பியது. அதனால்தான் 1970களில் வந்த எம்40ஏ1-க்கு மெக்மில்லன் கண்ணாடியிழை ஸ்டாக் போட்டார்கள். அதற்கும் முன்பே, 1959-இல், ரெமிங்டன் நிறுவனம் டூபாண்ட்டின் நைலானில் ஸ்டாக் செய்து நைலான் 66 என்ற ரைஃபிளை விற்றது. குளிருக்கும் மழைக்கும் ஊதாத, சுருங்காத பொருள் என்பதுதான் இதற்கெல்லாம் பெருமை. அதன் பள்ளத்துக்குள் சமமில்லாமல் பெயின்ட் படிந்தால் ஆக்‌ஷன் கோணலாக உட்காரும், அப்புறம் அந்தப் பெருமையில் என்ன மிச்சம்? ஸ்க்ரூ துளைகளில் நுரைக் காதடைப்பானைத் திருகிச் செருகினேன், அச்சாகப் பொருந்துகிறது. பிடியில் வார்ப்பிலேயே வந்த கட்டம் போட்ட பகுதியையும் மூடிவிட்டேன். அந்தக் கட்டத்தில் பெயின்ட் நிரம்பினால் பிடி மழுங்கிப்போகும்.

அடுத்தது கன்னம் படும் மேல்விளிம்பு. அங்கே சொரசொரப்பு வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்டாக் பின்னால் உதைக்கும்போது அந்த இடம் கன்னத்தோடு உரசிக்கொண்டே போகும், மூன்று நாள் தாடி இருந்தால் சொல்லவே வேண்டாம். எரிச்சலுக்குப் பயந்து தலையைத் தூக்கிச் சுட ஆரம்பித்துவிடுவோம், குறி அங்கேயே கெட்டது. அந்த இடத்துக்குச் சாதாரண மேட் பெயின்ட் மட்டும் அடியுங்கள்.

சாதாரண ஸ்ப்ரே பெயின்டில் துளிகள் விழுந்ததும் ஒன்றோடொன்று கலந்து சமமாகிவிடும். சொரசொர பெயின்ட் கெட்டி, அதன் துளி பரவுவதற்கு முன்பே இறுகிவிடுகிறது. கிட்டே வைத்து அடித்தால் ஈரம் அதிகமாகி மேடுகள் அமுங்கும், ரொம்பத் தள்ளி அடித்தால் பாதி காய்ந்த துளி மணலாக மேலே உட்கார்ந்து, பிறகு கையோடு உதிரும். ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான தூரம் எனக்குச் சரியாக வந்தது. ஒரு அட்டையில் அடித்துப் பார்த்துவிட்டே ஸ்டாக்குக்கு வந்தேன். ஸ்டாக்கைக் கம்பியில் தொங்கவிட்டு, முதலில் பிடியின் உட்பக்கம், கீழ்ப்பக்கம், கடைசியில் பக்கவாட்டு. மூடுபனி போல மெல்லிய கோட்டுகள்தான், ஒரேயடியாக மறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டாவது கோட்டுக்கான நேரத்தைக் கேனில் போட்டிருப்பார்கள், பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அல்லது 48 மணி நேரம் கழித்து என்று இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் புதுக் கோட்டின் சால்வென்ட் பாதி காய்ந்த அடிக்கோட்டைச் சுருக்கிவிடும். இந்த ஊரில் ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும், வடக்குக் காற்று வந்து வானம் வெளுத்த நாளாகப் பார்த்து அடித்தேன்.

தொட்டால் காய்ந்தது போல இருக்கும், நம்பாதீர்கள். உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும், வாடை போகவும் அவ்வளவு நாள் வேண்டும், மானின் மூக்குக்கு அது நன்றாகவே தெரியும். டெக்சஸில் மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது, செப்டம்பர் முடிவதற்குள் அடித்துவிடுவது நல்லது. திரும்பப் பூட்டும்போது ரைஃபிளோடு வந்த கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே ஸ்க்ரூக்களை முறுக்குங்கள்.

ஸ்ப்ரே கேன் பெயின்டுக்கு இரண்டு எதிரிகள்: குழல் துடைக்கும் சால்வென்ட், டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு மருந்து. இரண்டுமே பெயின்டை இளக்கிவிடும். குழல் துடைக்கும்போது ஸ்டாக்குக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், கொசு மருந்து தடவிய கையைத் துடைத்துவிட்டு ரைஃபிளைத் தொடுங்கள். அப்படியும் எங்காவது பெயர்ந்தால், இந்தச் சொரசொரப்பில் ஒட்டு வேலை அவ்வளவாகத் தெரியாது. அந்த இடத்தை லேசாகத் தேய்த்து, துடைத்து, இரண்டு முறை மெல்லமாக அடித்தால் போதும்.