பீடம் நகராது: கிரேக்கக் கோயில்களின் இடத்தேர்வு

மார்ச் 2

பண்டைக் கிரேக்க வழிபாட்டுக்குக் கட்டாயம் வேண்டியது கோயில் அல்ல, பலிபீடம். பலி வெட்டவெளியில் நடக்கும். கோயில் என்பது தெய்வச் சிலையும் காணிக்கைகளும் இருக்கும் வீடு, அவ்வளவுதான். ஆகவே பல இடங்களில் ஒரு ஊற்றோ மரமோ பீடமோதான் முதலில் வந்தது. கல் கட்டடம் பல தலைமுறை கழித்தே எழுந்தது. அருள்வாக்குத் தலமான டொடோனாவில் தெய்வ அரசன் சியுஸின் கருவாலி மரமே வெகுகாலம் போதுமானதாக இருந்தது. இடம் எது என்பது முடிவான பிறகுதான் கட்டடக் கலைஞருக்கு வேலை.

மார்ச் 3

எழுத்தில் உள்ள விதிகள் சில. தூரத்திலிருந்தே கண்ணில் படவேண்டும், ஆனால் ஆள் நடமாட்டம் குறைவாக இருக்கவேண்டும் என்று சாக்ரடீஸ் சொன்னதாக அவருடைய சீடர் செனபோன் எழுதுகிறார்: பார்த்தவுடன் கும்பிடலாம், தூய்மையோடு போய்ச் சேரலாம். அரிஸ்டாட்டிலும் உயரமான, எடுப்பான இடத்தையே கேட்கிறார். ஆனால் சட்டமோ அப்பல்லோவின் டெல்ஃபி கோயில் அருள்வாக்கோ வேறிடம் சொன்னால் அதற்கு விலக்கு தருகிறார். அந்த விலக்குதான் முக்கியம்.

மார்ச் 7

சாமோஸ் தீவில், சியுஸின் மனைவியான ஹீராவின் கோயில். உயரமும் இல்லை, பாறையும் இல்லை. இம்பிராசோஸ் ஆறு கடலில் கலக்கும் சதுப்பு. ஆனால் ஹீரா பிறந்தது அங்கே நின்ற லைகோஸ் மரத்தடியில் என்பது சாமோஸ்காரர்களின் நம்பிக்கை. (லைகோஸ் நம் நொச்சியின் பேரினத்தைச் சேர்ந்த செடி.) பீடத்தின்மேல் பீடமாகக் கட்டிவந்த இடத்தில், கி.மு. 570 வாக்கில் கட்டடக் கலைஞர் ரொய்கோஸ் சுமார் 105 மீட்டர் நீளமும் 52 மீட்டர் அகலமும் கொண்ட கோயிலை எழுப்பினார். சில பத்தாண்டுகளிலேயே அதைப் பிரிக்கவேண்டி வந்தது. ஈரமண் பாரம் தாங்காமல் உள்வாங்கியதே காரணம் என்பது அகழாய்வாளர்கள் தரும் விளக்கம். அந்த மண் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்காது. ஒரு தூண் இறங்கி அடுத்தது நின்றால் மேலே குறுக்காகக் கிடக்கும் உத்தரக்கல் விரிசல் விடும்.

அடுத்த கோயில் சுமார் 40 மீட்டர் மேற்கே தள்ளி, இன்னும் பெரிதாகத் தொடங்கப்பட்டது. பழைய தூண்களின் அடிக்கற்கள் புதிய அஸ்திவாரத்துக்குள் போயின. பீடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கோயிலைத் தள்ளி வைக்கலாம், பீடத்தை முடியாது. முன்வாசல் வெளி அதனால் கூடுதலாகக் கிடைத்தது. கூட்டத்துக்கு அது வசதியாகத்தான் இருந்திருக்கும்.

மார்ச் 8

சாமோஸ் கோயிலோடு தொடர்புடைய கட்டடக் கலைஞர் தியோடோரஸ்தான் எஃபெசஸில் ஆர்ட்டெமிஸ் கோயிலுக்கு அஸ்திவாரத்தின் கீழ் கரி போடச் சொன்னதாகப் பழைய குறிப்பு உண்டு. காரணமும் தரப்பட்டிருக்கிறது: கரியில் மரத்தன்மை போய்விடுவதால் தண்ணீர் அதை மாற்றாது, அதாவது மக்காது. ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்கில் கரியை மிதித்து இறுக்கி, ஆட்டுரோமத் தோலும் பரப்பினார்கள். நிலநடுக்கம் தாக்காமலிருக்கவே சதுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். இது பின்னால் ஒட்டவைத்த காரணம் என்றே தோன்றுகிறது. அதற்கு முன்பே அங்கே சிறு கோயில்கள் இருந்தன. தவிர, இளகிய ஈரமண் நடுக்கத்தைக் குறைப்பதில்லை, பெரும்பாலும் கூட்டும்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தரும் முறை: கெட்டி மண் தட்டும்வரை தோண்டு. தட்டாவிட்டால் சேற்றை வாரிவிட்டு, தீயில் கருக்கிய ஆல்டர், ஆலிவ் அல்லது கருவாலி மர முளைக்கழிகளை நெருக்கமாக அடி, இடைவெளியைக் கரியால் நிரப்பு, அதன்மேல் கல்.

மார்ச் 13

ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபோலிஸ் பாறைதான், ஆனாலும் சரிவு. பார்த்தெனான் நிற்கும் மேடையின் தெற்கு ஓரத்தில் அஸ்திவாரம் சுமார் 11 மீட்டர் இறங்குகிறது. அருகிலேயே எரெக்தியான் கோயில் வேறு வழியில் போனது. கடல் தெய்வம் போசைடன் பாறையில் குத்தியதாகச் சொல்லப்படும் சூலத்தழும்பு, அத்தீனாவின் ஆலிவ் மரம், புராண அரசன் கெக்ரோப்ஸின் சமாதி எல்லாம் அங்கே நெருங்கிக் கிடந்ததால் தரையைச் சமன்செய்ய முடியவில்லை. வடபுறம் சுமார் 3 மீட்டர் தாழ்வாகவே விடப்பட்டது. சூலத்தழும்புக்கு நேராகத் தளத்திலும் கூரையிலும் திறப்பு வைத்தார்கள். அதன் கோணல்மாணல் வடிவத்துக்கு இந்த நெருக்கடியே பெரிய காரணம்.

மார்ச் 14

புதுக் குடியேற்றங்களில்தான் தேர்வு உண்மையிலேயே கையில் இருந்தது. சிசிலியின் அக்ராகாஸில் நகரின் தெற்கு முகட்டில், கடல் பக்கம் பார்க்கும்படி கோயில்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆர்கோஸின் ஹீரா கோயிலோ நகரிலிருந்து 45 ஸ்டேடியா, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளி. சமவெளி யாருடையது என்பதை அது சொன்னது.

மார்ச் 20

டெல்ஃபி. அப்பல்லோ இடம் தேடி அலைவதைப் பாடும் பழைய துதியில், டெல்ஃபூசா ஊற்று அவரைத் தட்டிக்கழிக்கிறது: இங்கே குதிரையும் கோவேறு கழுதையும் தண்ணீர் குடிக்க வரும், சத்தம் தாங்காது, பர்னாசஸ் அடிவாரம் போ. அங்கே விளைநிலம் இல்லையே, எப்படிப் பிழைப்பது என்று பூசாரிகள் கேட்க, பக்தர்கள் ஆடு கொண்டுவருவார்கள், கத்தியைத் தயாராக வைத்திருங்கள் என்கிறார் தெய்வம். கோயில் பொருளாதாரம் இதைவிடச் சுருக்கமாக எங்கும் சொல்லப்பட்டதில்லை.

மண்ணியல் பார்வையில் மோசமான இடம்: மேலே பாறை உருளும் செங்குத்து, கீழே நிலப்பிளவு. சரிவைப் பலகோணக் கற்களால் ஆன தாங்குசுவர் பிடித்து நிறுத்துகிறது. கி.மு. 548இல் கோயில் எரிந்தது. 373இல் நிலநடுக்கத்தில் விழுந்தது. மறுபடி கட்டியதும் அதே தளத்தில்தான்.