கை வைக்கக் கூடாத இடம்

ஜெனரேட்டர் மெக்கானிக்குக் கை சும்மா இருக்காது. எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலே ஸ்பேனரைத் தேடும். அந்தக் கையோடுதான் அண்டார்க்டிகாவில் இருக்கும் நம் பாரதி நிலையத்துக்குப் போய், ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். லார்ஸ்மன் குன்றுகளில், கடலை ஒட்டி 2012இல் திறந்த நிலையம் அது. 134 கப்பல் கன்டெய்னர்களை வைத்துக் கட்டியது. ஜெனரேட்டரிலிருந்து வரும் சூடுதான் எங்கள் அறைகளையும் கதகதப்பாக வைத்திருக்கும். எஞ்சின் நின்றால் வெளிச்சம் மட்டுமல்ல, எல்லாமே போச்சு.

முதல் மார்ச் மாதம். கோடைக்கு வந்தவர்கள் கப்பலேறிவிட்டார்கள். நிலையத்துக்குப் பின்னால், காற்று அடிக்காத பாறை மறைவில் ஒரு அடெலி பென்குயின் நின்றிருந்தது. என் தொடை உயரம் இருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். காலையில் பார்த்த இடத்திலேயே மாலையிலும் நின்றது. மறுநாளும் அப்படியே. முதுகில் இறகு கொத்துக் கொத்தாகப் பிய்ந்து, கிழிந்த மெத்தையிலிருந்து பஞ்சு தள்ளுவதுபோல் தொங்கியது. காலடியில் இறகும் எச்சமும். இரை தேடி நகரவே இல்லை. சீக்கு வந்துவிட்டது, செத்துவிடும் என்றே நினைத்தேன். நான்காம் நாள் மனசு கேட்காமல், சமையலறையில் ஒரு துண்டு மீன் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வாசலில் டாக்டர் பார்த்துவிட்டார். "தம்பி, மீனை உள்ளே வச்சிட்டு வாங்க. அதுக்கு ஒண்ணும் இல்ல, சட்டை உரிக்குது."

பாம்புக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். மற்ற பறவைகள் பெரும்பாலும் இறகைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்றும். பென்குயின் மொத்தமாக மாற்றிவிடும். புது இறகு முளைத்துப் பழையதை வெளியே தள்ளும். அதுவரை உடம்பில் தண்ணீர் புகும் என்பதால் கடலில் இறங்க முடியாது. கடலில் இறங்காவிட்டால் இரையும் இல்லை. முன்கூட்டியே கிரில் என்னும் இறால் போன்ற சின்ன உயிரையும் மீனையும் தின்று சேர்த்த கொழுப்பில் இரண்டு மூன்று வாரம் பட்டினியாக நிற்கும். அந்த நேரத்தில் ஒருவன் பக்கத்தில் போய் விரட்டினால், அது ஓடிச் செலவழிக்கும் ஒவ்வோர் அடியும் அந்தக் கொழுப்பிலிருந்துதான் போகும். நான் உதவி என்று நினைத்தது உபத்திரவமாகத்தான் முடிந்திருக்கும். 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான அண்டார்க்டிகா சுற்றுச்சூழல் உடன்படிக்கையும் அங்குள்ள உயிர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிறது. பயிற்சியில் சொன்னதுதான். நேரில் பார்த்தபோது மறந்துபோனது. ஒரு நாள் காலையில் அந்த இடம் காலியாக இருந்தது.

அப்புறம் குளிர்காலம். மே கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மாதம் சூரியனே கிடையாது. ஜூலையில் காற்று ஃபில்டரைக் கழற்றினேன். மடிப்புக்குள் விரல்நுனி அளவில் இரண்டு வெள்ளை இறகுகள் ஒட்டியிருந்தன. வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே இருட்டில், கிழக்கே அமாண்டா விரிகுடாவின் உறைந்த கடல்மேல், எம்பரர் பென்குயின் ஆண்கள் நின்றுகொண்டிருக்கும். கூடு கிடையாது. ஒற்றை முட்டையைப் பாதத்தின்மேல் ஏற்றி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு சுமார் 65 நாள் அடைகாக்கும். பெண் கடலுக்குப் போயிருக்கும். கரைக்கு வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஆணுக்கு நான்கு மாதத்துக்குக் கிட்டப் பட்டினி. நெருங்கி நின்று, நடுவில் இருப்பது ஓரத்துக்கும் ஓரத்தில் இருப்பது நடுவுக்குமாக மெல்ல நகர்ந்துகொண்டே இருக்குமாம். நடுவில் 37 டிகிரி வரைக்கும் சூடு ஏறும் என்று அளந்திருக்கிறார்கள். எங்கள் சூட்டுக்கு டீசல் எஞ்சின் வேண்டியிருந்தது. அவை ஒன்றையொன்று வைத்தே சமாளிக்கின்றன. சர்வீஸ் செய்த எஞ்சின் முன்னால் உட்கார்ந்து இதை நினைத்தபோது மனம் கனத்தது.

அக்டோபரில் அடெலிகள் திரும்பின, உறைந்த கடலின்மேல் வரிசையாக, களைத்தால் வயிற்றால் சறுக்கிக்கொண்டு. அவற்றின் கூடு வெறும் கூழாங்கல் குவியல்தான். பனி உருகினால் முட்டை நனையக் கூடாதே, அதற்காக. கல்லுக்கு அங்கே அத்தனை கிராக்கி. பக்கத்துக் கூட்டுக்காரர் திரும்பினால் அவர் கல்லைத் தூக்கிவிடும். இதையெல்லாம் எட்ட நின்று பைனாகுலரில் பார்ப்பதே ஓய்வு நேரத்தில் என் வேலையாகிப்போனது.

டிசம்பரில் ஒரு நாள், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குவா பறவை ஓர் ஓரத்துக் கூட்டில் இறங்கியது. அடெலி இறக்கையால் அடித்தது, கத்தியது. ஸ்குவா முட்டையைக் கொத்திக்கொண்டு போனது. இன்னொரு முட்டை உருண்டு உடைந்து கிடந்தது. என் காலடியில் நிறையக் கல் இருந்தது. குனியவில்லை. ஸ்குவாவுக்கும் எங்கோ குஞ்சு இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அடெலி எழுந்துபோய், ஒரு கல்லை அலகில் கவ்விக்கொண்டு வந்து காலிக் கூட்டில் வைத்தது. மறுபடி போனது, இன்னொன்று கொண்டுவந்தது. நான்கு மணிக்கு எனக்கு டியூட்டி. கிளம்பும்போதும் அது கல் தேடிப் போய்க்கொண்டிருந்தது.