இடது ஃபிளிப்பருக்கு உடம்பு சரியில்லை

சிகாகோவுக்குக் குடிவந்தவனுக்குப் பின்பால் கிறுக்கு (சரிந்த பலகையில் உருளும் குண்டைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடும் மெஷின் விளையாட்டு) பிடித்ததில் ஆச்சரியமில்லை. அந்த மெஷின்களைச் செய்துவந்த காட்லீப், பாலி, வில்லியம்ஸ் எல்லாம் இந்த ஊர்க் கம்பெனிகளாக இருந்தவைதான்.

ஒரு வாரமாக நம் வீட்டு மெஷினில் இடது ஃபிளிப்பர் (பட்டனை அழுத்தினால் எழுந்து பந்தை அடிக்கும் குட்டித் துடுப்பு) நோஞ்சானாகிவிட்டது. அடித்த பந்து பலகையிலுள்ள ஏற்றப் பாதையான ராம்ப்பில் பாதி ஏறித் திரும்பி வந்துவிடும். ஃபிளிப்பரை இயக்கும் மின்காந்தச் சுருளான காயில் போச்சு என்று புதிது வாங்கக் கிளம்பினேன். நல்லவேளை, அதற்கு முன் கரண்டைப் பிடுங்கிவிட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன்.

பழைய ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று உண்டு. தடித்த கம்பி பந்தை அடிக்க. மெல்லிய கம்பி, பட்டனை விடாமல் அழுத்தும்போது ஃபிளிப்பரைத் தூக்கியபடி வைத்திருக்க. ஃபிளிப்பர் முழுதாக எழுந்ததும் ஒரு சின்ன ஸ்விட்ச் திறந்து, பொறுப்பை மெல்லியதிடம் ஒப்படைக்கும். திறக்காவிட்டால் காயில் கருகும். கீழே இருக்கும்போது ஸ்விட்ச் சரியாக மூடாவிட்டால் ஃபிளிப்பரின் அடிக்குத் தெம்பிருக்காது.

நம்முடையது இரண்டாவது கேஸ். ஸ்விட்சின் முனைகள் தீய்ந்து கரி பிடித்திருந்தன. சின்ன அரத்தால் நாலு இழுப்பு, தகட்டை லேசாக ஒரு வளைப்பு, அவ்வளவுதான். (தங்கமுலாம் பூசிய மற்ற ஸ்விட்சுகள் பக்கம் அரத்தைக் கொண்டுபோகாதீர்கள். முலாம் போய்விடும். பட்டவன் சொல்கிறேன்.)

அப்புறம் தைரியம் வந்து, மெஷினின் பின்கால் திருகுகளை உயர்த்திப் பலகையின் சரிவை 6.5 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். அதுவரை 5தான் இருந்திருக்கிறது! 80 கிராம் இரும்புக் குண்டு இப்போது பாய்ந்து வருகிறது. ஓர் ஆட்டத்துக்கான மூன்று பந்தும் ஒரு நிமிடத்தில் காலி.

மகள் ஆடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, ரிப்பேராவே இருந்திருக்கலாம்."