பாறைக்குள் ஒரு சுனை: கெகார்ட் மடாலயத்தில் ஒரு பகல்

ஆர்மீனியத் தலைநகர் யெரெவானிலிருந்து கார்னி வரைக்கும் வேன், அங்கிருந்து டாக்சி. கார்னியில் முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கோவில் ஒன்று கிரேக்க பாணித் தூண்களோடு மலை விளிம்பில் நிற்கிறது. அழகுதான். ஆனால் அரை மணிக்கு மேல் அங்கே கால் தரிக்கவில்லை. நான் ஆர்மீனியாவுக்குக் கிளம்பி வந்ததே கெகார்டைப் பார்க்கத்தான்.

அசாத் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி மேலே போகும் சாலை, மடாலயத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் செங்குத்தான பாறை மட்டும்தான். அக்டோபர் மாதம், வெயில் அடித்தாலும் காற்றில் நல்ல குளிர். வழியோரம் பெண்கள் மேசை போட்டு கத்தா விற்றுக்கொண்டிருந்தார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் பிசைந்த பூரணத்தை உள்ளே வைத்துச் சுட்ட, தட்டு அகலத்துக்கு இருக்கும் இனிப்பு ரொட்டி அது. பக்கத்தில் வால்நட்டுகளை நூலில் கோத்து, காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி உலர்த்திய சுஜுக் சரம் சரமாகத் தொங்கியது. ஒரு பாட்டி கத்தாவில் ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் வைத்து, “ஜான்” என்றார். நம் ஊரில் ‘கண்ணு’ என்பார்களே, அதே குரல்.

கோட்டைச் சுவரைத் தாண்டினால் 1215-இல் கட்டிய தலைமைக் கோவில். ஜார்ஜிய அரசி தமாரின் தளபதிகளான சக்காரே, இவானே என்ற சகோதரர்களின் ஆதரவில் எழுந்தது. தெற்கு வாசலுக்கு மேலே சிங்கம் ஒன்று காளையின் மேல் பாய்கிற சிற்பம், அதன் கீழே மாதுளையும் திராட்சைக் கொடியும். இது அடுக்கிக் கட்டிய கோவில். நான் தேடி வந்த குகைக் கோவில் இதன் பின்னால், மலைக்குள்ளே இருந்தது.

உள்ளே நுழைந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. கண் பழக ஒரு நிமிடம் பிடித்தது. கூரையின் நடுவில் ஒரே ஒரு துவாரம். அதன் வழியே இறங்கிய வெளிச்சத்தில், தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காகச் செதுக்கிய கவிகை மெல்லத் தெரிந்தது. அப்புறம் சத்தம் கேட்டது. தண்ணீர்! பாறைச் சுவரிலிருந்து கசிந்து, தரையில் வெட்டிய சிறு கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் இந்தச் சுனையிலிருந்துதான் ஆரம்பம். கிறிஸ்தவத்துக்கு முன்பே மக்கள் வழிபட்ட சுனை இது. ஆர்மீனியாவைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்த புனித கிரிகோர் 4-ஆம் நூற்றாண்டில் இங்கே மடத்தை நிறுவினார் என்பது மரபு. முதலில் இதன் பெயர் ஐரிவாங்க், அதாவது குகை மடம். இயேசுவின் விலாவில் குத்திய ஈட்டி என்று நம்பப்படும் ஒன்று இங்கே இருந்ததால் கெகார்ட், அதாவது ஈட்டி, என்ற பெயர் நிலைத்தது. அந்த ஈட்டி இப்போது ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினில் இருக்கிறது. சுனை மட்டும் இடம் மாறவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் கல்சாக் என்ற சிற்பி இந்தக் குகைக் கோவிலைக் குடைந்து, தன் பெயரையும் கல்லில் வெட்டிவைத்தார்.

கட்டுகிற கோவிலில் ஒரு கல் சரியில்லை என்றால் வேறு கல் வைத்துக்கொள்ளலாம். இங்கே அதற்கு வழியே இல்லை. தூண், வளைவு, சிலுவை எல்லாமே ஒரே பாறை. உளி தவறிச் சில்லு பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். இதை நினைத்ததும் அங்கே சுவரைத் தொடவே எனக்குக் கை தயங்கியது.

பக்கத்து அறை புரோஷ் குடும்பத்தின் கல்லறை மண்டபம். மடத்தை விலைக்கு வாங்கிய குறுநில மன்னர் அவர். வளைவுகளுக்கு மேலே அவர்கள் குலச்சின்னம்: ஒரு காளைத் தலை, அதன் வாயில் வளையம், வளையத்திலிருந்து போகும் சங்கிலியில் கட்டிய இரண்டு சிங்கங்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். சிங்கங்களின் வால் நுனி டிராகன் தலையாக முடிகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கழுகு, அதன் கால்நகங்களில் ஓர் ஆட்டுக்குட்டி. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத் தெரிந்தது.

வெளியே வந்து படியேறி, சுவரெல்லாம் சிலுவை வெட்டிய குறுகலான வழியில் போனால் 1288-இல் குடைந்த மேல் மண்டபம். நான்கு பருத்த தூண்கள். நான் போன நேரம் ஐந்து பெண்கள் ஒரு தூணருகே நின்று ஷரகான் எனப்படும் பழைய துதிப்பாடலைப் பாடத் தொடங்கினார்கள். மைக் இல்லை, வாத்தியம் இல்லை. ஒரு வரி அடங்குவதற்குள் அடுத்த வரி அதன் மேல் வந்து ஏற, ஐந்து குரல் ஐம்பது குரலானது. மூலையில், தரையில் ஒரு துளை. குனிந்து பார்த்தேன். கீழ் மண்டபத்தில் எரிந்த மெழுகுவத்திகள் தெரிந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுவர்களில் ஆர்மீனிய எழுத்துகள். மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் 405 வாக்கில் உருவாக்கியவை. இவற்றை நான் முதலில் பார்த்தது சென்னையில், பாரிமுனைப் பக்கத்து ஆர்மீனியன் தெருவில். அந்தப் பெயர்தான் நம் வாயில் அரண்மனைக்காரன் தெரு ஆனது. அங்கே 1772-இல் கட்டிய ஆர்மீனியக் கோவிலின் கல்லறைக் கற்களில் இதே எழுத்துகள் இருக்கின்றன. உலகிலேயே முதல் ஆர்மீனிய இதழான அஸ்தரார் 1794-இல் அச்சானதும் சென்னையில்தான். அந்தக் கல்லறைகளைப் பார்த்த நாளிலிருந்தே, இவர்கள் விட்டுவந்த மலைகளை ஒருமுறையாவது பார்க்கவேண்டும் என்று இருந்தது.

திரும்பும்போது மறுபடியும் சுனைக்குப் போனேன். ஒரு பெரியவர் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். ஒரு வாய் குடித்தேன், பல் கூசியது. பாட்டிலில் நிரப்பிக்கொண்டேன்.

டாக்சியில் ஏறியதும் ஓட்டுநர் பாட்டிலைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு வாய் குடித்து, மூடியை இறுக்கித் திருப்பித் தந்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.