துடிப்பைக் காட்டாத வெள்ளி

ஏப்ரல் 30, கல்லடி

சென்டாரஸ் எக்ஸ்-3இன் பழைய எக்ஸ் கதிர்த் தரவை நாசா ஆவணத்திலிருந்து இறக்கினேன். துடிப்புத் தேடிக் கைபழக இதைவிட நல்ல இரட்டை விண்மீன் கிடையாது. இதிலுள்ள நியூத்திரன் விண்மீன், அதாவது வெடித்த விண்மீனின் மிக அடர்ந்த எச்சம், சுழலச் சுழல எக்ஸ் கதிர் சீராக ஏறி இறங்கும்; அதுதான் துடிப்பு. இதன் துடிப்பை, 4.8 விநாடிக்கு ஒன்றாக, 1971இல் உகுரு செயற்கைக்கோள் கண்டுபிடித்தது. ஆனாலும் நீண்ட தரவை அப்படியே மடித்தால், அதாவது துடிப்புக் கால அளவில் துண்டாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், துடிப்புக் கலங்கிவிடுகிறது. நியூத்திரன் விண்மீன் தன் பாரிய துணையை ஏறத்தாழ 2.1 நாளில் சுற்றுவதால், துடிப்பு 40 விநாடி வரை முந்தியோ பிந்தியோ வருகிறது. அந்த ஓட்டத்தைக் கழித்த பிறகே துடிப்பின் மேடு கூர்மையாக எழுந்தது.

மே 3

அடுத்த பயிற்சி இரட்டை, வீலா எக்ஸ்-1. துடிப்புக் காலம் 283 விநாடி. துணை விண்மீன் வீசும் வாயுக் காற்று நியூத்திரன் விண்மீன்மேல் கட்டிகட்டியாக விழுவதால் பிரகாசம் தன்பாட்டில் ஏறி இறங்குகிறது. மெதுவான துடிப்பு அந்தத் தளம்பலுக்குள் மறைந்துகொள்ளும். இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவுதான் என்று வைத்துக்கொண்டு ‘கண்டேன்’ என அறிவிப்பவர்களை நான் நம்புவதில்லை.

மே 4

மின்வெட்டு. கச்சான் காற்று வேறு.

மே 9

இனித்தான் உண்மையான தேடல்: 4யூ 1700-377 என்ற எக்ஸ் கதிர் இரட்டை. அதில் ஒளிந்திருப்பது நியூத்திரன் விண்மீனா, கருந்துளையா என்பதுதான் கேள்வி. சுற்றுக்காலம் 3.41 நாள். உறுதியான துடிப்பு எதுவும் இதுவரை இல்லை. துணை விண்மீன் விருச்சிகத்தின் வாலருகே இருக்கிறது. இருட்டான வானத்தில் இருகண் தொலைநோக்கிக்கு அகப்படும். இரவு கடற்கரையில் அம்மாவுக்குக் காட்டினேன். “இதுவா மகன்? இதைவிடப் பெரிய வெள்ளி எத்தனை இருக்கிறது!” என்றார்.

மே 12

ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அழகான மேடு. அது செயற்கைக்கோள் பூமியைச் சுற்றும் காலம். அதன் மடங்குகளையும் சேர்த்து வெட்டினேன், மிஞ்சியது இரைச்சலின் புல்தரை.

மே 15

வந்தாறுமூலையிலிருந்து தம்பி ஒருவர் அழைத்தார். “துடிப்பு இல்லையென்றால் கருந்துளை என்று எழுதிவிடுங்களேன், அண்ணா.” எழுத மாட்டேன். நியூத்திரன் விண்மீனாகவே இருந்து, அதன் காந்த அச்சும் சுழல் அச்சும் ஒன்றாகக் கிடந்தாலும் துடிப்புத் தெரியாது. சுழற்சி மிக மெதுவாக இருக்கலாம். அடர்ந்த காற்று ஒளியைச் சிதறடித்துத் துடிப்பை மழுக்கியிருக்கலாம். 2002இல் வெளியான மதிப்பீடு இந்தப் பொருள் சூரியனைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு நிறை என்றது. நியூத்திரன் விண்மீனுக்கு அது அதிகம், நாம் அறிந்த கருந்துளைகளுக்குக் குறைவு. சிக்னஸ் எக்ஸ்-1ஐக் கருந்துளை என்பதற்கு ஆதாரம் அதன் நிறை, துடிப்பின்மை அல்ல.

அடுத்த வேலை, பொய்த் துடிப்புகளைத் தரவுக்குள் புகுத்தி, எவ்வளவு பலவீனமானது வரை நிரல் பிடிக்கிறது என்று பார்ப்பது. அந்த எல்லையைத்தான் முடிவாக எழுதப்போகிறேன்.