மானுக்கு அடித்த அலாரம்

தம்பியின் இறுதியாண்டு புரொஜெக்டுக்கு திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வளவுதான் சோதனைக்களம். வேலியோரம் ஆறு சென்சர்; உடற்சூடு அசைந்தால் 802.15.4 என்ற, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ரேடியோவில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி தாவும். மற்ற நேரமெல்லாம் தூக்கம், இல்லாவிட்டால் பற்றரி தாங்காது. ஆனால் கள்ளனா நாயா என்று சென்சருக்குத் தெரியாதே! போய்ப் பார்க்கத்தான் கமரா பூட்டிய சின்ன ரோபோ. மூலைக்கு மூலை கமரா வைப்பதைவிட இது மலிவு என்கிறான். எனக்கும் சரியாகத்தான் படுகிறது.

நேற்று இரவு இரண்டு மணிக்கு அலாரம். ரோபோ குடுகுடுவென்று ஓடிப்போய், மணலில் சில்லுப் புதைந்து நின்றுவிட்டது. வந்த படத்தில் ஒரு புள்ளிமான், அம்மாவின் செவ்வரத்தையை ஆறுதலாக மென்றபடி. (கோட்டை மான்கள் ஊருக்குள் உலாவுவது நமக்கென்ன புதிதா?)

அம்மா கேட்டது ஒன்றுதான்: "உந்தச் சாமான் மானைக் கலைக்காதோ?"