பந்தெறிந்து முறிந்த கை

ஜூன் 8, 2024
டச்பே கடற்கரையில் மகன் பந்தெறிந்தான், கை முறிந்துவிட்டது. விழவுமில்லை, ஆரும் இடிக்கவுமில்லை. பதினொரு வயதுப் பொடியனுக்குப் பந்தெறிந்து கை முறியுமா?

ஜூன் 9
எக்ஸ்ரேயில் பதில் இருந்தது. தோளுக்குச் சற்றுக் கீழே எலும்புக்குள் ஒரு நீர்க்கட்டி. சுற்றியிருந்த எலும்பு முட்டைக் கோதாக மெலிந்திருந்தது. "கான்சர் இல்லை அம்மா" என்றுதான் டொக்டர் பேச்சையே தொடங்கினார். உடைந்த சின்னத் துண்டொன்று கட்டியின் அடியில் கிடந்ததையும் காட்டினார். உள்ளே சதையாக இருந்தால் துண்டு அப்படி இறங்காதாம், தண்ணீர் என்றபடியால்தான் இறங்கியதாம். எனக்கு அந்தத் துண்டுதான் பெரிய ஆறுதல்.

ஜூன் 11
வீடு நிறைய ஆலோசனை. பால்மா காணாது என்றார் ஒருவர். கால்சியம் குறைந்து வருகிற வருத்தமில்லை இது. 5 முதல் 15 வயதுக்குள்தான் கூடுதலாக வரும், பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு. நோகாமல் கிடப்பதால் அனேகமாக முறிந்த பிறகுதான் தெரியவரும். எண்ணெய் போட்டு உருவி விட ஆளைக் கூட்டிவர அம்மா வெளிக்கிட்டா, நான் விடவில்லை.

ஜூன் 23
மச்சாள் இணையத்தில் வாசித்துப் பயந்து போன் எடுத்தா. அவ வாசித்தது இரத்தம் நிரம்பும் வகையைப் பற்றி. அது வீங்கும், நோகும், எலும்பை வேகமாக அரிக்கும்; எம்ஆர்ஐயில் இரத்தம் அடுக்கடுக்காகத் தெரியும். அதுவும் புற்றுநோயில்லை, ஆனால் பெரும்பாலும் வைத்தியம் செய்யாமல் விடமாட்டார்கள். மகனுக்கு அதில்லை.

ஜூலை 23
முறிவு பொருந்திவிட்டது, கட்டி அப்படியே இருக்கிறது. முறிவோடு கட்டியும் தானாக நிரம்புவது சில பிள்ளைகளுக்குத்தானாம். ஸ்டீரொய்ட் ஊசி போடலாம், சுரண்டியெடுத்து வேறு எலும்பு வைக்கலாம். எதைச் செய்தாலும் திரும்பி வரலாம். மகனுடையது எலும்பு வளரும் தட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த வாய்ப்பு இன்னும் கூட. பாரம் சுமக்கிற தொடையெலும்பு என்றால் ஒப்பரேஷன் பற்றி இப்போதே யோசிக்க வேண்டியிருக்குமாம். கை என்றபடியால் பொறுத்துப் பார்க்கலாம். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

அக்டோபர் 22
எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிந்த கட்டிக்குள் வெள்ளைக் கோடுகள் விழத் தொடங்கியிருக்கின்றன, எலும்பு ஊறுகிறதாம். இன்னும் பந்தெறிய விடவில்லை. ஸ்கோர் எழுதச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். அடுத்த எக்ஸ்ரே ஜனவரியில்.